தோளிற் சுமக்கும் வீடு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்பால் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை தன் நெடும்பயணத்தை முடித்துக் கடலிற் கலப்பது இங்கேதான். 1660ஆம் ஆண்டில் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞன் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டதும் இக்கரையிலேயே. முன்னாளில் கிண்ணியாத் துறையிற் பாதைக்காகக் காத்து நின்ற பிரயாணிகள், 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்ட பின், காத்திருப்பின்றி மூதூரை நோக்கிச் செல்கின்றனர். மூதூரிலிருந்து கட்டைபறிச்சானைக் கடந்தால், வயலும் பனையும் கடற்காற்றும் சூழ்ந்த சம்பூர் நம்மை வரவேற்கின்றது. பத்திரகாளி அம்பாள் கோயில் கொண்டிருக்கும் பழம்பதி இது.

சம்பூரிலே மலையில்லை. எனினும், மலையில் ஓடச் செல்லும் இருவருக்கு ஏற்ற கூடாரம் எது என்பதை அவ்வூரிலேதான் நாம் தெளிவாக அறிந்துகொண்டோம். துணிக் கூரையின் குணங்குற்றங்களை அவ்வூர் மக்களைப் போல் அறிந்தவர்கள் வேறு யார்? 2006 ஏப்பிரலில் போர் மூண்டபோது உடுத்த உடையுடன் ஓடியவர்கள் அவர்கள். 2007இல் அவர்தம் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் அவர்கள் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தனர். 2015இலும் 2016இலும் காணிகள் மீளக் கிடைத்தபோது வீடுகள் பெரும்பாலும் தரைமட்டமாகியிருந்தன. ஆகவே, சொந்த வளவிலும் பலர் முதலிற் கட்டியது தறப்பாட் கொட்டிலே.

அவ்வூர் இளைஞர் இருவர், ஒருவர் எமது பழைய மாணவர், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒற்றையடிப் பாதைகளில் ஓடிப் பழகுகின்றனர். மேலைநாடுகளில் இது பெரும் விளையாட்டாக வளர்ந்துள்ளது. 1968இல் இங்கிலாந்தில் தொடங்கிய மலை நெடுவோட்டப் போட்டியொன்றில், இருவர் இருவராகச் சேர்ந்து, இரு நாட்களுக்கு வேண்டிய உணவையும் உறையுளையும் முதுகிற் சுமந்தே ஓடவேண்டும் என்பது விதி. நம் இளைஞருக்கும் அவ்வாறே ஓர் இரவு மலையில் தங்கும் ஆசை. கையிலிருந்த பணமோ சொற்பம். கடைகளின் விலைப் பட்டியல்களை விரித்து வைத்து எம்மிடம் யோசனை கேட்டனர். அருகிலே பாய் இழைத்துக்கொண்டிருந்த மாணவரின் அம்மம்மா, கேட்கப்படாமலே எமக்கு ஆசிரியையானார்.

இளைஞர் முதலிற் பார்த்தது எடையை. ஒரு கிலோவுக்கும் குறைந்த கூடாரங்கள் உண்டு. ஆனால் குறையும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரையுள்ளவையே எளியவர் கைக்கு எட்டுபவை. துணியை ஒருவரும் கம்புகளையும் முளைகளையும் மற்றவரும் சுமந்தால், ஆளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோவே ஆகும். அந்தச் சுமைக்கு அஞ்சிப் பெரும்பணம் செலவிடுவது அறிவுடைமையன்று.

இரண்டாவது, துணி ஓரடுக்கா ஈரடுக்கா என்பது. எடை குறைய வேண்டுமென்று ஓரடுக்கையே விரும்பினார் ஒருவர். “வெளியிலே மழை விட்ட பிறகும் எங்களுக்கு உள்ளே மழை பெய்தது, தம்பி” என்றார் மூதாட்டி. அது கவிதையன்று, பௌதிகம். உறங்கும் இருவரின் மூச்சிலிருந்து ஓர் இரவில் வெளியேறும் நீராவி ஒரு குவளை நீருக்குக் குறையாது. குளிர்ந்த துணியிற் பட்டதும் அது துளியாகிச் சொட்டும். உள்ளே வலைத்துணியும் வெளியே மழைத்துணியும் இருந்து, இடையே காற்று உலவுமாயின், துளிகள் வெளித்துணியின் உட்புறமாக வழிந்து நிலத்தை அடையும். அட்டைகள் நிறைந்த நம் மலைக்காட்டில், அடிவிரிப்போடு இணைந்த அந்த வலையே பெருங்காவல்.

மூன்றாவது, துணியின் இனம். நைலோன் வலியது, ஆனால் நனைந்தால் தொய்யும், நள்ளிரவில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டிவரும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது, விலையும் குறைவு, வெயிலையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். நீர் தாங்கும் ஆற்றலை மில்லிமீற்றரிற் குறிப்பர்: மேற்துணிக்கு 1500, அடிவிரிப்புக்கு 3000 இருந்தாற் போதுமானது. அதனினும் முக்கியமானவை தையல்கள். அவை நாடாவால் ஒட்டி மூடப்பட்டிருத்தல் வேண்டும்; மழை புகுவது பெரும்பாலும் ஊசித் துளைகளின் வழியேதான். பழைய கூடாரம் மலிவாகக் கிடைத்தால் துணியைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால், ஈரத்தோடு மடித்து வைத்ததால் உட்பூச்சு கெட்டுவிட்டது என்று அறிந்து, வாங்காது திரும்புங்கள்.

நான்காவது, காற்று. கவிந்த குடைபோல் தானே நிற்கும் கூடாரம் பாறைத் தரைக்கு உகந்தது. நடைக்கோல்களை நட்டுக் கட்டுவது எடை குறைந்தது. எனினும் அதன் உயிர் முளைகளிலே இருக்கின்றது. வாடைக்காற்றின் வேகத்தில் மணலில் அறைந்த முளைகள் பிடுங்கிக்கொண்டு போனதையும், பைகளில் மண்ணை நிரப்பிப் புதைத்து அவற்றிலே கயிற்றைக் கட்டியதையும் மூதாட்டி கையசைத்துக் காட்டினார். மலைப்பயண நூல்களும் இந்த உபாயத்தையே கூறுகின்றன! முகாமிலே வெள்ளத்துக்காகக் கொட்டிலைச் சுற்றி வாய்க்காலும் வெட்டினார்களாம். மலையிலோ அது மண்ணரிப்புக்கு வழி செய்யும். மேடான இடத்தைத் தெரிந்துகொள்வதே முறை. காட்டினுள்ளே தங்குவதாயின் வனத் திணைக்களத்தின் அனுமதியையும் முன்னரே பெறுதல் வேண்டும்.

கடைசியாக, “இருவருக்கு” என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். பலவற்றின் அகலம் 120 சென்ரிமீற்றரே. இருவர் அதனுள் நெருங்கித்தான் படுக்கலாம். கடையிலேயே விரித்து, நீட்டிப் படுத்துப் பார்த்து வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஈற்றில் இளைஞர் தெரிந்தது, ஈரடுக்குப் பொலியெஸ்டர்க் கூடாரம். எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சம்பூர் வளவிலே கட்டிப் பார்த்தபோது, மூதாட்டி கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சோதித்தார். உள்ளே வந்து இருக்கும்படி பேரன் அழைத்தும் அவர் இசையவில்லை. “விடிந்ததும் மடிக்கலாம் என்றால் துணிவீடு நல்லதுதான். நீங்கள் படுத்து எழும்புங்கோ, ராசா” என்று கூறி, கல்வீட்டின் திண்ணையிற் போய் அமர்ந்தார்.

கூடாரம் வாங்குவோர் எடையையும் விலையையும் கணக்கிடட்டும். ஆனால் அதைத் தாமே விரும்பி விரிப்பதும், விடிந்ததும் மடித்துக்கொண்டு தம் வீடு திரும்புவதும் எத்துணைப் பெரும் பேறு என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக. அந்த எண்ணம் முதுகுச் சுமையைக் கூட்டாது.