அட்டை போட்ட புத்தகங்கள்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு
பள்ளி ஒன்றில் தொண்டு செய்யச் சிங்கப்பூரிலிருந்து சியம் ரீப் வந்து சேர்ந்தோம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தாயிற்று. போன வருடம் திறந்த புது விமான நிலையம் ஊரைவிட்டு வெகு தூரம். வழியெல்லாம் வயல், பாதி அறுத்தது, பாதி அறுக்காதது. வரப்புகளில் பனைமரம். கம்போடியாவின் தேசிய மரமே பனைதானாம்.

இரவு பொறுப்பாசிரியர் விதிகளை மறுபடி படித்தார். பிள்ளைகளைப் படம் எடுத்து இணையத்தில் போடக் கூடாது. மிட்டாய், காசு கொடுக்கக் கூடாது. "ஓர் அனாதை இல்லத்துக்கும் போகலாமே சார்" என்று ஒருத்தி கேட்டாள். கூடாது என்றார். இங்கே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்களாம். பார்க்க வரும் வெளிநாட்டார் தரும் பணத்துக்காகவே பிள்ளைகளைச் சேர்த்துவைத்த இடங்களும் உண்டாம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்
பள்ளி காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்பே சோறு. தட்டும் கரண்டியும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். விறகடுப்பில் சமைக்கும் அக்காமார் இருட்டோடு வந்துவிடுவார்களாம். பதினொரு மணிக்குக் காலை வகுப்பு முடிகிறது. ஒரு மணிக்கு அதே பெஞ்சில் வேறு பிள்ளைகள், அதே கரும்பலகை, சில வகுப்புகளில் அதே ஆசிரியர்.

எங்கள் ஆங்கிலப் பாடத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தோம். தலை, தோள், முட்டி, கால்விரல் பாட்டு. முதல் வரியை நான் எடுத்ததுதான் தாமதம், மூன்றாம் வகுப்பு மொத்தமும் எழுந்து அபிநயத்தோடு முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டது. எங்களுக்கு முன்னால் வந்த குழுக்களெல்லாம் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. என் கை சரியான இடத்தில் இல்லையென்று ஒரு பையன் அதைப் பிடித்து முட்டியில் வைத்துவிட்டுப் போனான்.

டிசம்பர் 3, செவ்வாய்
சுவருக்கு வண்ணம் அடிக்கும் நாள். பழைய யானைப் படத்தைச் சுரண்டினோம். அடியில் நீலம் வந்தது, அதற்கும் அடியில் மஞ்சள், இன்னும் சுரண்டினால் யாருடைய கைத்தடமோ. பள்ளிக்குச் சுவரால் ஒரு குறையும் இல்லை. பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எங்களுக்குத்தான் ஒரு சுவர் வேண்டியிருக்கிறது. இதைச் சத்தமாகச் சொன்னேன். சிலர் முறைத்தார்கள்.

டிசம்பர் 5, வியாழன்
ஐந்தாம் வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. அறுவடை.

அந்த நேரத்தில் தலைமையாசிரியரிடம் பேச முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் அண்ணன் நடுவில் உட்கார்ந்தார். 1975 முதல் 1979 வரை, கெமர் ரூஜ் ஆட்சியில், பள்ளிகளை மூடிவிட்டார்கள். படித்தவர் என்று தெரிந்தாலே ஆபத்து. ஆசிரியர்களில் தப்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1979இல் பள்ளி மறுபடி தொடங்கியபோது இவர் பெரிய பையன், உட்கார்ந்தது முதல் வகுப்பில். நிறையத் தெரிந்தவர் கொஞ்சம் தெரிந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது என்றுதான் அப்போது நாடு முழுக்க நடந்ததாம். இவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரே தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர்.

"உங்களுக்கு என்ன சார் வேண்டும்?" என்று கேட்டோம். இந்தக் கேள்வி எங்கள் பயணத் திட்டத்தில் எங்குமே இல்லை. அவர் யோசிக்கவேயில்லை, அலமாரியைத் திறந்தார். அரசு தரும் பாடப்புத்தகங்கள். வருடக் கடைசியில் திருப்பி வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். மழையில் ஊறி, முதுகு பிய்ந்து, ஓரம் சுருண்டு கிடந்தன. இவற்றுக்கு அட்டை போட வேண்டும் என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி
அட்டை போடுவதா? சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் அம்மாவோடு உட்கார்ந்து செய்த வேலை! சந்தையில் பிளாஸ்டிக் உருளைகளும் ஒட்டுநாடாவும் வாங்கினோம். முதுகில் முதலில் நாடா. பிறகு பிளாஸ்டிக்கை இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, மூலையைச் சாய்வாகக் கத்தரித்து, உள்ளே மடித்து ஒட்ட வேண்டும். இழுத்து ஒட்டினால் புத்தகம் மூடாது. ஆறாம் வகுப்புப் பெண்கள் இரண்டு புத்தகம் பார்த்தார்கள், மூன்றாவதை எங்களைவிடச் சுத்தமாகப் போட்டார்கள். சுவரில் எங்கள் புது யானைக்கு இன்னும் கண் வைக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு
லோலேய் கோயில். 893இல் யசோவர்மன் எழுப்பிய செங்கல் கோபுரங்கள். வாசல் நிலைக்கல்லில் பொடிப்பொடியாகக் கெமர் எழுத்து. பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது என்று வழிகாட்டி சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ தமிழாச்சே, படி!" ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. பிறகு வழிகாட்டியே விளக்கினார். கோயிலில் ஊழியம் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலாம். எங்கள் விடுதிச் சுவரில் தொங்கும் பாத்திரம் கழுவும் முறைப் பட்டியல் ஞாபகம் வந்தது. இன்று என் முறை.

டிசம்பர் 10, செவ்வாய்
நாளை கிளம்புகிறோம். அடுத்த ஆண்டுக் குழுவுக்குக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம். எழுதியது இது:

பிளாஸ்டிக் உருளை இங்கேயே கிடைக்கும், சுமந்து வர வேண்டாம். நல்ல கத்தரிக்கோல் மட்டும் கொண்டு வாருங்கள். மூன்றாம், நான்காம் வகுப்புப் புத்தகங்கள் பாக்கி. அறுவடைக் காலத்தில் வராதீர்கள், முடிந்தால் பிப்ரவரியில் வாருங்கள். வருவதற்கு முன் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தலை, தோள் பாட்டு வேண்டாம். வண்ணம் வேண்டவே வேண்டாம்.

கடைசி வரியை அடித்துவிடச் சொல்லிப் பொறுப்பாசிரியர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். காலையில் அவரோடு பேச வேண்டும்.