அனுப்புறவனே பாத்து அனுப்பக் கூடாதா?



மலர் என்றாலே கவிதை என்று ஆகிவிட்ட நம் கல்லூரியில், என் பங்குக்கு ஒரு தொழில்நுட்பக் கட்டுரை. பயப்படாதீர்கள், சூத்திரம் ஒன்றுகூடக் கிடையாது!

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். ஒரு தறி, ஒரு செல்போன். குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்க அண்ணன், அக்கா யாரும் இல்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வீடியோதான் துணை. மாலை ஏழு மணிக்குத் தெருவே போனைக் கையில் எடுக்கும். அவ்வளவுதான், பலகையில் இருக்கும் சர்க்யூட் கலங்கிப் போகும், பிறகு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். ஒருநாள் அப்பா கேட்டார்: "ஏன் தம்பி, எத்தினி பேர் பாக்கறாங்கன்னு அனுப்புறவனுக்குத் தெரியுமில்ல? அவனே பாத்து அனுப்பக் கூடாதா?"

படிக்காதவர் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் படித்தவர்களும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வீடியோ முழுசாக வருவதில்லை. சர்வரில் அதைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். மட்டத் தரத்துக்கு விநாடிக்குச் சில நூறு கிலோபிட் போதும்; உயர்ந்த தரம் ஐந்து மெகாபிட் கேட்கும். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ்., 2012இல் சர்வதேசத் தரமாக வந்த டேஷ், இரண்டுமே இப்படித்தான். முன் துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது, கையிருப்பு எத்தனை விநாடி என்று பார்த்து, அடுத்த துண்டின் தரத்தைப் போனே கேட்கும். கேட்டதைக் கொடுப்பது மட்டுமே சர்வரின் வேலை. இந்த ஏற்பாட்டால்தான் 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்க்க முடிந்தது. அத்தனை பேருக்கும் சர்வரே யோசிப்பதென்றால் சும்மாவா!

ஆனால் போனுக்குத் தன் வீடு மட்டுமே தெரியும். ஒரு துண்டை வாங்கியதும் அது சற்று நேரம் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுப் போன் வேகத்தை அளந்து, "ஆகா, வழி காலி!" என்று உயர்ந்த தரத்துக்குத் தாவும். அடுத்த நொடி இரண்டும் முட்டிக்கொள்ளும். இரண்டும் கீழே இறங்கும், மறுபடி ஏறும். தெருவில் ஐம்பது போன் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அனுப்புகிறவன் பார்த்து அனுப்பியதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, செல்போன் நெட்வொர்க்கில் 480பி-க்கு மேல் அனுப்புவதில்லை என்று வீடியோ நிறுவனங்கள் சேர்ந்து முடிவெடுத்தன. நெருக்கடிக்குச் சரி. ஆனால் நெரிசலான ஏழு மணிக்கும் காலியான நடுராத்திரிக்கும் ஒரே அளவுகோல் என்றால், அது பார்த்து அனுப்புவதா?

துண்டை ஒரேயடியாகக் கொட்டாமல், வீடியோ ஓடும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சீராக விடுவது இன்னொரு வழி. இடைவெளி இல்லை, ஆகவே பக்கத்துப் போன் ஏமாறாது. படத்தைப் பார்த்து அளவை முடிவு செய்வதும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2015இல் அப்படி ஆரம்பித்தது. அசையாத கரும்பலகைக்குக் குறைந்த பிட்டிலேயே எழுத்து தெளிவாக நிற்கும், கிரிக்கெட்டுக்கு நிற்காது. என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய உதவி என்பேன்.

அதற்காக முழு அதிகாரத்தையும் சர்வரிடம் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. ஒவ்வொரு பிட்டும் அவர்களுக்குக் காசு. மட்டத்தையே தள்ளிவிட மனம் வரும். எங்கள் வீட்டு மூலையில் சிக்னல் எத்தனை கோடு என்பதும் அங்கே தெரியாது.

எங்கள் தறியில் கோர்வை போடும்போது அப்பா ஒரு பக்கம், அம்மா மறு பக்கம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒவ்வொரு இழையிலும் அம்மா கரை நாடாவைப் போட்ட பிறகுதான் அப்பா அடிப்பார். ஒருவர் அவசரப்பட்டாலும் இரண்டு நிறமும் கோர்த்துக்கொள்ளாது. போனும் சர்வரும் இப்படிப் பேசிக்கொள்ள இப்போது வழி வந்திருக்கிறது. 2020இல் வந்த சி.எம்.சி.டி. முறையில், போன் ஒவ்வொரு துண்டைக் கேட்கும்போதும் "என்னிடம் இத்தனை விநாடி இருப்பு" என்று சேர்த்துச் சொல்லலாம். இருப்பு தீரப்போகிறவனுக்கு முதலில், நிறைய வைத்திருப்பவனுக்குச் சற்றுப் பிறகு என்று சர்வர் பிரித்துக் கொடுக்க முடியும். ரேஷன் கடை வரிசையில்கூட இல்லாத நியாயம்!

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு இதைத்தான் கேட்டிருக்கிறேன். ஆய்வகத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் என்ஜினெக்ஸ் சர்வர், ஒரு ரவுட்டர், நண்பர்களின் போன்கள் நான்கு. சோதனைக்கு இரண்டு வீடியோ: ஒன்று கரும்பலகைப் பாடம். மற்றது அப்பா, அம்மா கோர்வை போடுவது. ஜரிகை மினுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் சுருக்குவது கஷ்டம். "எங்க மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல, கரை தெளிவா தெரியணும்" என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.