கூகுளில் தெரியாத கொழும்பு

விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்து கூகுளைத் திறப்பேன். 2022-ல் பல மாதங்கள் எனக்கு அப்படித்தான் பொழுது விடிந்தது. என் பையன் அப்போது கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்ரீமுஷ்ணத்தில் தனியாள்.

'இலங்கை இன்று' என்று தேடுவேன். முதல் பக்கம் முழுக்க தீ, தடியடி, கண்ணீர்ப்புகை. வயிற்றைப் பிசையும். உடனே போன் போடுவேன்.

"பெட்ரோல் க்யூல நிக்கிறேம்மா. முன்னாடி நிக்கிற சிங்கள அண்ணன் பிளாஸ்க்ல இருந்து டீ ஊத்திக் கொடுத்தார்" என்பான்.

நான் பயப்படக் கூடாதென்று பொய் சொல்கிறானோ என்று தோன்றும். மறுபடி கூகுளைத் திறப்பேன். முதல் நாள் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்ததில், இன்னும் அதே மாதிரிப் படங்களாக என் போனில் வந்து குவிந்தன.

ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் அங்கே அரசாங்கம் முடக்கியது. பிற்பகலில்தான் தடையை எடுத்தார்கள். அதுவரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஜூலை 9-ல் அதிபர் மாளிகைக்குள் கூட்டம் புகுந்து, நீச்சல் குளத்தில் குதித்துக் குளித்ததை உலகமே பார்த்தது. நான் பதறிப்போய்க் கூப்பிட்டேன். "கேஸ் கிடைக்கலம்மா. ஹவுஸ் ஓனர் அக்கா விறகடுப்புல எனக்கும் சேர்த்துப் பருப்பு வேக வைக்கிறாங்க" என்றான். ஐந்தே நாளில், 14-ம் தேதி கோத்தபய ராஜபக்சே பதவி விலகினார்.

தீபாவளிக்கு வந்தவன் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீ பார்த்ததெல்லாம் செய்திம்மா. ஜனங்க எதைத் தேடுறாங்கன்னு பார்க்க வேற இடம் இருக்கு" என்று கூகுள் ட்ரெண்ட்ஸைக் காட்டினான். எந்த ஊரில் எந்த வார்த்தையை எப்போது அதிகம் தேடினார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிறது.

"100-னு போட்டிருக்கே, நூறு பேரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நாம பார்க்கிற காலத்துல அந்த வார்த்தை உச்சத்துல இருந்த நேரம்தான் 100. அது தலைக்கணக்கும் இல்ல, ஓட்டுக்கணக்கும் இல்ல."

ஒரு கதையும் சொன்னான். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். முடிவு வந்த அன்றே, 'ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன' என்று அங்கே அதிகம் தேடுவதாகச் செய்தி பரவியது. ஓட்டைப் போட்டுவிட்டு அர்த்தம் தேடுகிறார்களே என்று ஊரே கேலி செய்தது. அப்புறம் பார்த்தால், அப்படித் தேடியவர்கள் சொற்பம் பேர். அவர்கள் ஓட்டுப் போட்டவர்களா, பள்ளிக்கூடப் பிள்ளைகளா என்பதும் அந்தக் கோட்டில் தெரியாது.

அடுத்த வருடம் மாசி மகத்துக்கு நான் கிள்ளைக்குப் போயிருந்தேன். எங்கள் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு அங்கேதான் கடலுக்கு எழுந்தருளுவார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து போன்.

"அம்மா, இந்தியான்னு தேடினாலே மதச் சண்டையா வருது. நம்ம பக்கம் ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோ காலில் கேமராவைத் திருப்பிக் காட்டினேன். கிள்ளை தைக்காலில் முஸ்லிம் பெரியவர்கள் பட்டும் மாலையுமாக சுவாமியை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். காலங்காலமாக நடப்பதுதான். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவன், "நான் சின்னப் புள்ளையில உன் இடுப்புல உட்கார்ந்து பார்த்தேன்ல?" என்றான்.

அதற்காக அவன் படித்த செய்திகள் பொய்யென்று சொல்ல மாட்டேன். கொழும்பில் எழுந்த புகையும் நிஜம்தான். ஆனால் க்யூவில் டீ கொடுத்தவரையும், தைக்காலில் மாலையோடு நின்றவர்களையும் தேடவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தேடாததை கூகுள் எப்படிக் காட்டும்?

இப்போதும் காலையில் கூகுளைப் பார்க்கிறேன். ஆனால் முதலில் பையனுக்குப் போன் போட்டுவிட்டுத்தான். நேற்று பேசும்போது, கோயிலில் தரும் கோரைக்கிழங்குப் பிரசாதம் வேண்டுமாம், இரண்டு பொட்டலம். ஒன்று அந்த ஹவுஸ் ஓனர் அக்காவுக்கு.