சவரம் இல்ல, சவுரி

நேத்து முதல் தடவையா விக்கை வீட்லயே அலசினேன்.
வாங்கும்போது அழகா அலை அலையா இருந்துச்சு.
இப்போ தேங்கா நார்.

ஹைதராபாத் போர் தண்ணி தெரியும்ல? பக்கெட்லயே உப்பு படியும். நம்ம சொந்த முடியே விறைச்சுக்கும். விக்குக்கு எண்ணெய் சுரக்க தலைத்தோல்கூட கிடையாது பாவம்.

அதனால குழாய்ல மஞ்சீரா தண்ணி வர்ற நேரம் பாத்துப் பிடிச்சேன்.
நுனியில இருந்து சிக்கெடுத்து, ஷாம்பூவைத் தண்ணில கரைச்சு, முக்கி எடுத்தேன். கசக்கல.
கண்டிஷனர் நுனிக்கு மட்டும். அடியில முடியைக் கட்டியிருக்குற முடிச்சுல பட்டா முடி வழுக்கிக் கொட்டிடும்.

எல்லாம் சரியா செஞ்சவ, ஈரம் காயறதுக்குள்ள அவசரமா பிரஷ் போட்டுட்டேன்.
அலை போயி பஞ்சுமிட்டாய் வந்துச்சு.

மறுபடி நனைச்சு, விரல்ல சுருட்டிவிட்டு, குடத்தைக் கவுத்து அதுமேல மாட்டி பால்கனி நிழல்ல வெச்சேன்.

காலைல பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு அலறிட்டாங்க.
அப்புறம் "சவரமா?"ன்னாங்க.
"அதுக்கெல்லாம் அவசியமே இல்லக்கா, ஏற்கெனவே மொட்டைதான்"னேன்.
தெலுங்குல சவரம்னா சவுரியாம்!

திருமலை கல்யாணகட்டால இறக்குற முடியை தேவஸ்தானம் ஏலம் விடுது. இதுவும் அங்கிருந்து வந்ததோ என்னவோ. யாரோட வேண்டுதலோ, என் குடத்து மேல காயுது.

மழைக்காலத்துல இது ஊதாம இருக்க நீங்கல்லாம் என்ன பண்றீங்க?
தேங்காண்ணெய்னு மட்டும் சொல்லாதீங்க, அம்மா ஏற்கெனவே சொல்லிட்டாங்க.