எதிர்ப்பக்கம் பிடிக்க ஓர் ஆள்

ஊசிநூல் தெரிந்தவர்களிடம் நாகர்கோவில் என்று சொன்னால் லேஸைத்தான் சொல்வார்கள். 1819இல் லண்டன் மிஷனில் பணியாற்றக் கணவர் சார்லஸ் மால்ட்டோடு வந்த மார்த்தா மால்ட், இங்குள்ள பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்கிறது மிஷன் வரலாறு. மால்ட்டின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியக் கன்னியாஸ்திரீகள் வந்தார்கள். அங்கும் லேஸ் வேர்பிடித்தது.

பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் என் ஏக்கம் பெயரில்லாத இன்னொரு தையலின் மேல். பழைய சேலைகளை அடுக்கி, நூலோட்டிச் செய்யும் விரிப்பு. அதை யாரும் விற்கவில்லை, எந்தக் கப்பலிலும் ஏற்றவில்லை.

எங்கள் வீட்டில் அது ஆச்சியின் வேலை. நடவும் அறுப்பும் இல்லாத நாளில், மத்தியானச் சோறு முடிந்தபின் பட்டாசாலையில் பாயை மடக்கி வைத்துவிட்டுத் தொடங்குவாள். கஞ்சிப்பசை போக அலசிக் காயவைத்த நூல்சேலைகள், பாட்டாவின் வேட்டி, ஓரம் நைந்த ஈரிழைத் துவர்த்து. சேலை முதலில் நைவது உட்காரும் இடத்தில். முந்தி கடைசிவரை தாங்கும். அதனால் நைந்த பாகம் உள்ளே போகும், முந்தி மேலே வரும். வேட்டி நடு அடுக்கு. கரையிலிருந்து உருவிய நூலே தைக்கவும் ஆகும்.

தைப்பதைவிடப் பெரிய பாடு, அடுக்குகளைச் சுருக்கமில்லாமல் பிடிப்பது. ஆச்சி ஒரு பக்கம், பெரிய மைனி எதிர்ப்பக்கம், மூலைகளில் பிள்ளைகள் நாங்கள். "இழுத்துப் பிடி மக்களே, சுருங்கப்பிடாது கேட்டியா" என்பாள். நான்கு ஓரத்தையும் முதலில் தைத்துவிட்டு, விரல் இடைவெளியில் வரிவரியாக உள்ளே வருவார்கள். அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை முழுக்க எங்கள் காதில் விழுந்தது. யாருக்குப் பெண் கேட்டு வந்தார்கள், எந்த வயலில் ஓதம் ஏறியது, எந்த வீட்டில் இரண்டு நாளாக உலை வைக்கவில்லை. கடைசியாகச் சொன்ன வீட்டுக்குச் சாயங்காலம் ஒரு சருவம் நிறைய அரிசி போகும்.

ஆனி, ஆடிச் சாரலில் அதைப் போர்த்திக்கொண்டால் போதும். கனமில்லை, குத்தாது, காதுவரை இழுக்கலாம். பிறந்த பிள்ளையை முதலில் கிடத்துவதும் அதில்தான். எந்தத் துண்டு யார் உடுத்தியது என்று எங்களுக்குத் தெரியும். நீலக்கரை சித்தியின் சேலை. அதன்மேல் தலைவைக்க எங்களுக்குள் சண்டை நடக்கும்.

வேலை நிமித்தம் தார்வாடுக்குப் போனபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் அதே விரிப்பைக் கண்டேன். அங்கே அதற்குக் கவுதி என்று பெயர். மராட்டியத்தில் கோதடி, தெலுங்கில் பொந்த, வங்கத்தில் காந்தா. காந்தாவில் பூவும் மீனும் தேரும் தையலிலேயே எழும்பி வரும். குளிருக்குப் போர்த்த லேப் காந்தா, விருந்தாளி உட்கார விரிக்கச் சுஜனி என்று பாகுபாடும் உண்டு. ராஜஸ்தானிலும் சிந்துவிலும் ரல்லி. துணியைக் கட்டம் கட்டமாக வெட்டிச் சேர்ப்பார்கள். உத்தர கன்னடத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள், மூலையில் மடித்த முக்கோணத் துணிகளைப் பூவென்று வைக்காமல் விரிப்பை முடிக்கமாட்டார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத்துணிகளில் தைத்த விரிப்புகள், 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. படங்களைப் பார்த்தேன். கோணலான கோடுகள், அடித்துத் துவைத்து வெளிறிய நீலம். ஆச்சியின் கை அங்கேயும் இருந்தது போலிருந்தது. எங்களுடையதில் ஒன்றுகூட எந்தச் சுவரிலும் இல்லையே என்று வலித்தது. நைந்த விரிப்பு கால்மிதியாகும், பிறகு அடுப்படிக் கைப்பிடித்துணியாகும், பிறகு சாம்பல். மிச்சம் வைக்காத பொருளை யார் சேர்த்து வைப்பது?

பாலியஸ்டர் சேலை வந்தபின் அது நின்றுபோயிற்று. அந்தத் துணி வேர்வையை உறிஞ்சாது, அடுக்கினால் வழுக்கும், ஊசி நிற்காது. பழைய நூல்சேலைகளைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கினார்கள். கம்பளி மலிந்தது. பட்டாசாலையில் சோபா வந்து, விரித்துத் தைக்கிற தரையும் போயிற்று.

அம்மையின் பெட்டியில் வடசேரியில் எடுத்த நூல்சேலைகள் இன்னும் இருக்கின்றன. அலசி, கஞ்சி போக்கி, காயவைத்தும் பார்த்தேன். தையல் கைக்கு வருகிறது. இருபுறமும் ஓடி ஓடி நானே இழுத்துப் பிடித்தால் நடு அடுக்கு சுருண்டுகொள்கிறது. மைனிக்கு முட்டுவலி, தரையில் உட்கார முடியாது. என் மகள் ஓணத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அதுவரை சேலைகளை மடித்து வைத்திருக்கிறேன்.