எடைக்குப் போன கதைகள்

எனக்குப் பேஸ்பால் ஆடத் தெரியாது. பிறர் ஆடிப் பார்த்தாலும் புரியாது. ஆயினும் அந்த ஆட்டத்தின் சரித்திரம் ஒன்றைச் சென்ற மாதம் படிக்க எடுத்தவன், இரவு இரண்டு மணிக்குத்தான் விளக்கை அணைத்தேன்.

எழுதியவர் சால் ஒயிட். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த பெல்லேர் என்ற ஊரில் 1868-ல் பிறந்த கறுப்பர். 1887-ல் வீலிங் ஊர்க் குழுவில் வெள்ளையரோடு சேர்ந்து ஆடியவர். அப்போது அது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. பிறகு கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. பெரிய குழுக்களின் கதவு ஜாக்கி ராபின்சனுக்காக மறுபடி திறந்தது 1947-ல்தான்.

வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே குழு அமைத்து ஆடினார்கள். அதை யார் எழுதி வைப்பது? ஆட்டக்காரரான ஒயிட்டே பேனாவை எடுத்தார். 1907-ல் பிலடெல்பியாவில் அவருடைய சிறு புத்தகம் வெளிவந்தது. 1885-ல் பாபிலோன் என்ற கடற்கரை ஊரின் ஹோட்டல் பணியாளர்களிடையே ஒரு குழு உருவான கதை அதில் இருக்கிறது. வெள்ளை ஆட்டக்காரருக்குச் சராசரி 2,000 டாலர், கறுப்பருக்கு 466 டாலர் என்ற சம்பளக் கணக்கும் இருக்கிறது. வெளியூர் போனால் தங்க இடம் கிடைக்காத அவதியும் இருக்கிறது. மனிதர் கூச்சல் போடவில்லை. கணக்கை எழுதிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்.

அந்தப் புத்தகம் பாதுகாக்க வேண்டிய பொருளாக யாருக்கும் படவில்லை. மிஞ்சியவை மிகச் சில பிரதிகள்தாம். ஒயிட் 1955-ல் காலமானார். ஸ்டேட்டன் தீவில் பெயர்க்கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். 1995-ல் ஜெர்ரி மலாய் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் புத்தகத்தோடு அக்காலத்துப் பத்திரிகைக் குறிப்புகளையும் தேடிச் சேர்த்து, பெரிய பதிப்பாகக் கொண்டுவந்தார். 2006-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் ஒயிட்டுக்கு இடம் கிடைத்தது. சமாதிக்குக் கல் வந்தது 2014-ல். கல்லுக்கு முன்னே புத்தகம் வந்துவிட்டது, பார்த்தீர்களா!

அன்று எனக்குத் தூக்கம் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். நல்ல கதைகள் எழுதினார்; ஒன்றும் புத்தகமாகவில்லை. அவை வந்த பத்திரிகைகளை நான்தான் சேர்த்து வைத்திருந்தேன். வீடு மாறியபோது, இடம் போதவில்லை என்று மூட்டையோடு பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டேன். பேரம் வேறு பேசினேன்.

சென்ற மாதம் அவருடைய மகள் வந்தாள். "அப்பா கதையெல்லாம் உங்ககிட்ட பத்திரமா இருக்கும்னு அம்மா சொல்லுவா, மாமா" என்றாள்.

அலமாரியைக் குடைந்ததில் ஒரே ஒரு கதை அகப்பட்டது. கடைசிப் பக்கம் இல்லை. அந்த முடிவு எனக்கு மனப்பாடம். எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அது அவர் எழுத்தாகுமா? இருந்ததை மட்டும் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது மூட்டை இருக்கும். தராசு வருமுன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.