“யாருக்குச் சீர்திருத்தம், தம்பி?”

‘சீர்திருத்தம்’ என்ற சொல் தலைப்பில் இருந்தாலே ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா அந்தச் செய்தியைப் படிக்க மாட்டார். பெல் நிறுவனத்தில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். “யாருக்குச் சீர்திருத்தம்னு மட்டும் சொல்லு தம்பி, மிச்சத்தை நானே புரிஞ்சுக்குவேன்” என்பார்.

அவருடைய சலிப்புக்குப் பின்னால் திருச்சியின் கதையே இருக்கிறது.

1960-களில் திருவெறும்பூர் பக்கம் பெல் கொதிகலன் ஆலை வந்தது. அன்றைய கம்யூனிஸ்ட் நாடான செக்கோஸ்லோவாகியா அதற்குத் தொழில்நுட்பம் கொடுத்தது. அடுத்து துப்பாக்கித் தொழிற்சாலை. உள்ளே வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கிடைக்கும். ‘பெல் மாப்பிள்ளை’ என்றால் பெண் வீட்டில் மறுபேச்சு இருக்காது.

1991 ஜூலை 24. மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டோடு தாராளமயம் வந்தது. நல்லதும் நடந்தது, மறுக்க முடியாது. ஒரு டெலிபோனுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டில்தான் இன்று நீங்கள் இதை செல்போனில் படிக்கிறீர்கள்.

ஆனால், நிரந்தர வேலை சுருங்கியது. பெல் ஆர்டரை நம்பியிருந்த துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், அனல்மின் ஆர்டர்கள் குறைந்ததும் தள்ளாடின. தாத்தாவின் பேரனும் வெல்டர்தான். ஆனால், கான்ட்ராக்ட்டில். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாததால் கல்யாணப் பேச்சையே தள்ளிப்போடுகிறான்.

2021 அக்டோபர் 1 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை, அரசுத் துறை என்ற நிலையிலிருந்து அரசு கம்பெனியின் ஒரு பிரிவாக மாறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அதற்குள் பாதுகாப்புத் துறை உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யச் சட்டமே வந்துவிட்டது.

அரசியலிலும் பார்த்துவிட்டோம். 2011-ல் எங்கள் எம்.எல்.ஏ-வே முதலமைச்சர். சொத்துக்குவிப்பு வழக்குத் தீர்ப்பில் ஜெயலலிதாவின் பதவி பறிபோக, 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல். ‘வி.ஐ.பி தொகுதி’ என்ற பெயர் வந்தது. பேரன்களுக்கு உள்ளூரில் நிரந்தர வேலை வரவில்லை.

செர்பியாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். 2000 அக்டோபர் 5-ல் மக்கள் திரண்டு மிலோசெவிச்சை வீழ்த்தினார்கள். சீர்திருத்தம் பேசிய பிரதமர் ஜிஞ்சிச் 2003-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். தனியார்மயத்தில் ஆலைகள் மூடப்பட்டு, பலர் வேலை இழந்தனர். 2012-ல் பிரதமரானவர், ஒரு காலத்தில் மிலோசெவிச் கட்சியின் செய்தித் தொடர்பாளராக இருந்த டாசிச்!

நம்பிக்கை போன இடத்தில் பழைய ஆட்களே திரும்பி வருகிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் பயமாக இருக்கிறது.

தாத்தா மாற்றத்துக்கு எதிரியல்ல. யு.பி.ஐ-யில்தான் காய்கறி வாங்குகிறார். அவர் கேட்பது ஒன்றுதான்: எங்கள் வாழ்க்கையை மாற்றும்போது எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அது பெரிய ஆசையா என்ன?